ஒழுகும் தொட்டியும் ஒரு செலரியாக்கும்

சங்கத்துக்கு நான் தர வேண்டிய பாக்கி நாற்பத்தாறு பவுண்டு ஐம்பது பென்ஸ். சங்கம் ஆளுக்கொரு துண்டு நிலமாக வாடகைக்கு விடும் ஸ்கெல்பி லேன் குத்தகைத் தோட்டத்தில், சரிவின் அடியில் இருக்கும் கடைசித் துண்டு என்னுடையது. அதற்கு இரண்டு வருஷ வாடகை. முதல் வருஷம் வீட்டுக் கொதிகலன் செத்தது, மறு வருஷம் என் முதுகு. கொதிகலனை மாற்றினேன். முதுகை மாற்றித் தர ஆளில்லை.

இந்த விவரத்தைத் தோட்டத்து கேட் பக்கத்தில் இருக்கும் பலகையில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டியிருந்தார்கள். காலம் முழுக்கச் செங்கல் சுமந்த நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது தலை நரைத்த பிறகு, நூலகத்து மாலை வகுப்பில். யார் துணையும் இல்லாமல் தொடக்கம் முதல் முடிவு வரை நான் படித்த முதல் சமாசாரம் அந்த நோட்டீஸ்தான். செப்டம்பர் கண்காட்சி நாளுக்குள் பாக்கி தீராவிட்டால் துண்டு பறிக்கப்படும் என்று முடிந்திருந்தது. படிக்கத் தெரிந்தால் புது உலகம் திறக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். திறந்தது.

துண்டு போனால் எனக்கு என்ன போகும் என்று யாரும் கேட்கவில்லை. நான் இருப்பது மூன்றாம் மாடியில் ஓர் அறை. ஒரு பக்கத்துச் சுவரில் அடுத்த வீட்டு டெலிவிஷன், மறு பக்கத்துச் சுவரில் அடுத்த வீட்டுச் சண்டை. தோட்டத்தில் எனக்கு ஒரு மரக் கொட்டகை உண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு கெட்டில், ஒரு ஜன்னல். எழுந்திரு, தள்ளிப் போ என்று யாரும் சொல்லாத இடம் இந்த யார்க்‌ஷயரில் எனக்கு அது ஒன்றுதான்.

சங்கத் தலைவர் டெஸ்மண்ட் தாக்ரேக்கு அந்த இடத்தின் மேல் வேறு யோசனை. அதைக் கார் நிறுத்துமிடம் ஆக்க வேண்டும் என்பது அவர் கனவு. சங்கத்தில் கார் வைத்திருக்கும் பாதிப் பேர் நடந்து வருகிற தூரத்தில்தான் இருந்தார்கள். அவரும் அப்படித்தான். ஆனாலும் காரில்தான் வருவார், மண்வெட்டி கனம் என்பார்.

எங்கள் கண்காட்சியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. முரட்டுக் காய்ப் போட்டி என்று பெயர். எளிதில் விளையாத ஒரு காயைக் கமிட்டி குளிர்காலத்திலேயே அறிவிக்கும். ஜெயிப்பவர் சங்கத்துக்குத் தர வேண்டியதெல்லாம் தள்ளுபடி. அந்த விதியைப் போட்டவர்கள் நல்லவர்கள். பாக்கி வைக்கிற ஆள் ஒருநாளும் பரிசு வாங்க மாட்டான் என்ற நம்பிக்கையில் போட்டிருந்தார்கள். அதுவரை அப்படியே நடந்தும் வந்தது. ஜெயித்தவர்கள் எல்லாரும் ஒரு பென்ஸ் பாக்கி இல்லாதவர்கள். தள்ளுபடி செய்ய ஒன்றும் இருக்காது, கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம்.

அந்த வருஷம் டெஸ்மண்ட் அறிவித்த காய் செலரியாக்.

செலரியாக்கைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்கள், கிழவன் ஒருவனைக் கழுத்துவரை புதைத்துத் தாடியோடு பிடுங்கி எடுத்ததாக நினைத்துக்கொள்ளலாம். மேலே செலரிக் கீரை, கீழே முண்டும் முடிச்சுமாக ஒரு கிழங்கு, அதைச் சுற்றி ஆயிரம் வேர். சீவி எடுத்தால் உள்ளே வெள்ளையாக, வாசனையாக, சூப்புக்கு ஏற்றதாக இருக்கும். சீவி எடுக்க ஏதாவது இருந்தால். எங்கள் தோட்டத்தில் யாருக்கும் அது கோல்ஃப் பந்தைத் தாண்டி வளர்ந்ததில்லை. டெஸ்மண்ட் வருஷா வருஷம் போடுவார். வருஷா வருஷம் ஒரு பிடி வேரை அறுவடை செய்வார். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்ச் சங்கங்களுக்குப் போய் செலரியாக் வளர்ப்பது பற்றிப் பேசிவிட்டும் வருவார். பேச்சுக்கு நல்ல பெயர் இருந்தது.

பிப்ரவரியிலேயே அவர் தன் கண்ணாடிக் கூண்டில் ஹீட்டர் வைத்து விதை தூவினார். அது சோம்பேறி விதை, முளைக்க மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். மே மாதக் கடைசியில் நல்ல நாற்றுகளை மட்டும் பொறுக்கி நட்டுவிட்டு, நோஞ்சான்களைத் தட்டோடு உரக் குழியில் கொட்டினார். நான் அந்தப் பக்கம் போகும்போது அவை வெயிலில் துவண்டு கிடந்தன. கொட்டினதை எடுக்கலாமா என்று கேட்டேன்.

"எடுத்துக்கப்பா ஆல்வின்," என்றார் டெஸ்மண்ட். "உன் சதுப்புல அதுங்களும் நிம்மதியா சாகட்டும்."

சதுப்பு என்று அவர் சொன்னது என் துண்டைத்தான். அதற்கு மேல்புறத்தில் சங்கத்தின் தண்ணீர்த் தொட்டி. தொட்டி நிரம்பியதும் குழாயை மூட வேண்டிய மிதவை பழுது. அது தன் கடமையை மறந்து ராத்திரி பகலாகச் சாய்ந்து கிடக்கும். தண்ணீர் விளிம்பு வழிந்து நேராக என் பாத்தியில் இறங்கும். என் உருளைக்கிழங்கு அழுகியது, வெங்காயம் அழுகியது, சேற்றுக்குப் போடும் ரப்பர் பூட்ஸும் அழுகியது. இரண்டு வருஷமாகக் கமிட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். ஒருமுறை பொறுக்க முடியாமல் மிதவையைக் கம்பி போட்டு நானே கட்டினேன். மறுநாளே டெஸ்மண்ட் வந்து கம்பியை அவிழ்க்கச் சொன்னார். கமிட்டியின் பரிசீலனையில் இருக்கும் சங்கச் சொத்தைத் தனி ஆள் யாரும் தொடக் கூடாது என்று அன்றைக்கே ஒரு விதியும் போட்டார். அவிழ்த்தேன். தண்ணீர் வழிந்தது. பரிசீலனை தொடர்ந்தது.

நாற்றுகளை நட்டேன் என்று சொல்வது பெரிய வார்த்தை. ஆழமாகக் குழி தோண்ட முதுகு விடவில்லை. விரலால் கீறி, வேரை மட்டும் மண்ணுக்குள் தள்ளி, கழுத்து வெளியே தெரியும்படி விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, செலரியாக்குக்கு அதுதான் பிடிக்குமாம். கழுத்துவரை புதைத்தால் மூச்சுமுட்டி வேராகப் பிரிந்துவிடுமாம். டெஸ்மண்ட் தன்னுடையவற்றைக் காற்றில் ஆடாமல் இருக்கக் கழுத்துவரை மண் அணைத்து, மிதித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப் பலகை குத்தியிருந்தார்.

அப்புறம் இந்த முயல் விஷயம். சங்கத்தின் பொருளாளர் ஈனிட் சக்டன், என் துண்டுக்கு அடுத்த துண்டுக்காரி. பேச்சில் கத்தரிக்கோல் வைத்திருப்பாள். அவள் வளர்த்த முயலுக்கு என் செலரியாக் இலை என்றால் உயிர். பாக்கி கேட்க வரும்போதெல்லாம் அடி இலையாகப் பார்த்து ஒரு கை ஒடித்துக்கொண்டு போவாள். பாக்கிக்காரன் வாயைத் திறக்க முடியுமா. ஜூலை முழுக்கப் பக்கவாட்டு இலையெல்லாம் முயல் வயிற்றுக்குப் போனது. அதுவும் அந்தக் கிழங்குக்கு வேண்டிய வைத்தியமாம். இலைக்குப் போகிற சத்து கிழங்குக்கு இறங்குமாம். முயலும் நானும் அறியாமல் செய்தோம்.

அந்தக் கோடை மழையே இல்லை. ஹோஸ் குழாயால் தண்ணீர் பாய்ச்சத் தடை வந்தது. டெஸ்மண்ட் ஒருபடி மேலே போய், மேல் துண்டுக்காரர்களுக்கு மாலையில் ஆளுக்கு இரண்டு வாளி என்று அளவு வைத்தார். தோட்டம் முழுக்க எல்லாரும் செலரியாக் மருத்துவர்களாக மாறினார்கள். சங்கச் செயலாளர் பாப்பிள்வெல் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமை ஆசிரியர். நரைத்த ஆட்கள்கூட அவரை இன்னும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தன் செடிகளுக்கு மீந்த பியர் ஊற்றினார். செடியைவிட நத்தைகளுக்கு உற்சாகம் பிறந்தது. இன்னொருவர் கடல் உப்பு போட்டார். டெஸ்மண்ட் கடையில் விற்ற எல்லா உரத்தையும் வாங்கி, அட்டவணைப்படி கரண்டியால் ஊட்டினார். இரண்டு வாளித் தண்ணீரில் கிழங்கு எதை விழுங்கும். மேலே இலை மட்டும் காடாக நின்றது. அவர் அதைக் காட்டி, கீழே பிரமாதமாக இருக்கும் என்றார்.

என் பாத்தியில் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் செய்த விவசாயம் கொட்டகைக்குள் உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்டதுதான்.

ஆகஸ்டில் ஒருநாள் ஈனிட் இலை ஒடிக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா ஆல்வின், இதைக் கவனிச்சியா இல்லையா?"

கவனிக்கவில்லை. இலைக்கு அடியில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு கிரிக்கெட் பந்து அளவுக்குக் கிழங்கு உட்கார்ந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. ஈனிட் கையைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போடுகிற முகத்தோடு என்னைப் பார்த்தாள். இன்னும் ஆறு வாரம் இதே ஈரம் இருந்தால் என் பாக்கி தீர்ந்தது, கொட்டகை எனக்கே என்று சொன்னாள். ஈரத்துக்கு என்ன குறை, கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

சிரித்த வாரமே டெஸ்மண்ட் புதுக் காலணியோடு கீழே இறங்கி வந்தார். கார் நிறுத்துமிடத்துக்கு அளவெடுக்க. டேப்பை நீட்டிக்கொண்டு பின்னால் நடந்தவர் கணுக்கால்வரை என் சேற்றில் இறங்கினார். காலை உருவியபோது கால் வந்தது, காலணி வரவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒற்றைக் காலில் நின்றபடி அவர் தொட்டியைப் பார்த்தார், தண்ணீர் வழிகிற தடத்தைப் பார்த்தார், அது போய்ச் சேர்கிற இடத்தைப் பார்த்தார். அங்கே பார்த்தது கொஞ்சம் அதிக நேரம்.

ஊரே தண்ணீருக்குத் தவிக்கும்போது இப்படி ஒரு விரயமா என்றார். இரண்டு வருஷம் சொன்னேனே என்றேன். அதெல்லாம் போன கமிட்டியோடு காலாவதி ஆகிவிட்டது, இப்போது யார் பரிசீலனையிலும் இல்லை, அதனால் கை வைக்கத் தடையில்லை என்று விளக்கினார். போன கமிட்டிக்கும் அவர்தான் தலைவர்.

"சனிக்கிழமை நானே ஸ்பேனர் கொண்டாறேன்," என்றார். "அஞ்சு நிமிஷ வேலை. நீ பட்ட கஷ்டம் போதும்ப்பா."

இரண்டு வருஷம் நான் கெஞ்சியதை ஒருவர் கருணையோடு செய்ய வருகிறார், நான் அதைத் தடுக்க வழி தேடினேன். தண்ணீர் நின்றால் அந்த வெயிலில் கிழங்கு நாலே நாளில் வளராமல் நின்றுவிடும். வாளியில் சுமந்து ஊற்ற முதுகு கிடையாது. வேண்டாம் விட்டுவிடுங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று அவருக்கே தெரியும். ஈனிடிடம் போய் மிதவையை ஒளித்துவைத்துவிடவா என்று கேட்டேன். அவள் முயலுக்கு இலையைக் கொடுத்துக்கொண்டே, இத்தனை வருஷம் இந்தச் சங்கத்தில் இருந்தும் உனக்கு ஒன்றும் புரியவில்லையா என்றாள்.

"இங்க ஒரு வேலை நடக்காம இருக்கணும்னா என்ன செய்யணும்? கமிட்டில கொண்டுபோய்க் கேளு. எழுந்து நின்னு, மரியாதையா, அவசரம்னு சொல்லிக் கேளு."

வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டம். கமிட்டி என்பது டெஸ்மண்ட், ஈனிட், பாப்பிள்வெல், மூன்றே பேர். சுற்றிலும் மற்ற உறுப்பினர்கள் பிஸ்கட்டுக்காக உட்கார்ந்திருப்பார்கள். நான் இதுவரை கூட்டத்தில் எழுந்ததே இல்லை. எழுந்தேன். தொட்டியைச் சரிசெய்யத் தலைவர் முன்வந்ததற்கு நன்றி சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. இது அவசரமான வேலை, அதனாலேயே முறைப்படி செய்ய வேண்டிய வேலை என்றேன். தலைவர் தன் சொந்த ஸ்பேனரால் செய்து, ஏதாவது உடைந்தால் பழி அவர் மேல் வரும், அந்த நல்ல மனசுக்கு அப்படி ஒரு கெட்ட பெயர் வரக் கூடாது என்றேன். தண்ணீர் வேலை தெரிந்த மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கலாமே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பாப்பிள்வெல் சாருக்கு உயிர் வந்தது. மூன்று கொட்டேஷன் என்ற சொல்லை அவர் வகுப்பில் நல்ல பையன் சொன்ன விடையைப் போலத் திருப்பிச் சொன்னார். அதோடு காப்பீடு இருக்கிறதே என்றார். தொட்டி சங்கத்துடையதா, நகராட்சியுடையதா என்று பழைய பத்திரத்தைப் பார்க்காமல் எப்படித் தொடுவது என்றார். ஸ்பேனரின் அளவு அங்குலத்திலா மில்லிமீட்டரிலா என்று ஒருவர் கேட்டார். அங்குலம்தான் இந்த நாட்டுக்கு அழகு என்று இன்னொருவர் ஆரம்பித்தார். அந்தப் பேச்சு நிற்க வெகு நேரம் ஆனது. கடைசியில் தொட்டி பற்றி ஆராய ஒரு துணைக் கமிட்டி அமைத்தார்கள். உறுப்பினர்கள் டெஸ்மண்ட், ஈனிட், பாப்பிள்வெல். அறிக்கை அக்டோபரில்.

டெஸ்மண்ட் சும்மா இருக்கவில்லை. அதுவரை தற்காலிகமாக ஒரு கம்பியாவது கட்டலாமே என்றார். ஈனிட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பரிசீலனையில் இருக்கும் சொத்தைத் தனி ஆள் தொடக் கூடாது என்று விதி இருப்பதாகவும், அதை யார் கொண்டுவந்தது என்று தனக்குச் சரியாக நினைவில்லை என்றும் சொன்னாள். எல்லாருக்கும் நினைவிருந்தது. சனிக்கிழமை ஸ்பேனர் வரவில்லை. தண்ணீர் வழிந்தது.

கண்காட்சி சர்ச் மண்டபத்தில் நடந்தது. முரட்டுக் காய் மேசையில் பச்சைத் துணி விரித்து, ஆளுக்கொரு தட்டு. பாப்பிள்வெல் சாரின் தட்டில் இருந்ததை எலுமிச்சை என்று நினைத்து ஒருவர் நகர்த்தி வைத்தார். டெஸ்மண்டின் செலரியாக்குக்கு இலை மூன்றடி, வேர் ஒன்றரை அடி, நடுவில் ஒரு முடிச்சு. அவர் அதைக் கழுவி, வேரைத் தலைமுடி போல வாரி, இலையை நாடாவால் கட்டி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வைத்திருந்தார். என்னுடையதைக் காலையில் பிடுங்கிச் சேற்றோடு கொண்டுபோனேன். ஈனிட் மண்டபத்துக் குழாயில் கழுவித் தந்தாள். குழந்தைத் தலையைவிடப் பெரிது. தட்டு போதாமல் கேக் வைக்கிற தட்டில் வைத்தோம்.

வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் மேசையைச் சுற்றி ஒருதரம் நடந்தார். கிழங்கை அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கத்தியால் பிளந்து பார்த்தார். உள்ளே பஞ்சு இல்லை, ஓட்டை இல்லை, பாலாக வெள்ளை. எப்படி வளர்த்தீர்கள் என்று என்னைக் கேட்டார். என்னத்தைச் சொல்வது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்றேன். அவர் தலையாட்டி, பொறுமைதான் முக்கியம் என்று சொல்லி, முதல் பரிசுக்கான சிவப்பு அட்டையை என் தட்டில் வைத்தார்.

தள்ளுபடிக்கு ஒரு முறை உண்டு. பொருளாளர் பாக்கியை அறிவிக்க வேண்டும், கமிட்டியின் மற்ற இருவரில் ஒருவர் தள்ளுபடியை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். ஈனிட் டீ மேசைக்குப் பக்கத்தில் நின்று நாற்பத்தாறு பவுண்டு ஐம்பது பென்ஸ் என்று சத்தமாகச் சொன்னாள். பாப்பிள்வெல் சார் வாயில் கேக்கோடு முன்மொழிந்தார். மிச்சம் இருந்தது டெஸ்மண்ட்.

அவர் ஒரு நிமிஷம் என்றார். இது நியாயமான போட்டியா என்று கேட்டார். மற்றவர்கள் இரண்டு வாளியோடு பாடுபட்டபோது ஒருவர் மட்டும் ராத்திரி பகலாகச் சங்கத் தண்ணீரைப் பாய்ச்சியிருக்கிறார் என்றார்.

"பரிசை வேணா குடுத்துக்கங்க. குடிச்ச தண்ணிக்கு இவர் பில்லு கட்டணும். கட்டினா நாப்பத்தாறு பவுண்டு எந்த மூலைக்கு? பாக்கி நிக்குது, துண்டு சங்கத்துக்கு."

என் கொட்டகை ஜன்னலும் நாற்காலியும் கண்முன் வந்துபோயின. அந்த இடத்தில் யாருடைய கார் நிற்கும் என்றுகூடத் தெரிந்தது. அவர் சொன்னதில் தண்ணீர் பாய்ந்தது என்பது உண்மைதானே.

ஈனிட் தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தாராளமா கட்டச் சொல்லலாம் டெஸ்மண்ட். எந்தத் தேதியிலிருந்து ஒழுகுதுன்னு மட்டும் சொல்லுங்க, இப்பவே கணக்குப் போட்டுடறேன். ஆல்வின் முதல்ல வந்து சொன்ன தேதியிலிருந்தா? இல்ல, அவர் கட்டின கம்பியை நீங்க அவுக்கச் சொன்ன தேதியிலிருந்தா?"

கேக் தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். இரண்டு வாளிக்காக மாலையெல்லாம் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். தண்ணீர் பில்லைப் பங்கு போட்டுக் கட்டியவர்களும் அவர்கள்தான். என்ன கம்பி என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அதை ஆராய ஒரு துணைக் கமிட்டி போடலாம் என்று பாப்பிள்வெல் சார் ஆர்வமாகக் கையைத் தூக்கினார்.

டெஸ்மண்ட் என் கிழங்கைப் பார்த்தார். தன் நாடா கட்டிய செடியைப் பார்த்தார். பாப்பிள்வெல்லின் தூக்கிய கையைப் பார்த்து, அதை இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"தள்ளுபடியை," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு, "வழிமொழிகிறேன்."